எஞ்சின் நின்றால் இறங்கிவிட வேண்டுமா?

போன வாரம் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து பிளாக் நண்பர் தோளில் தட்டினார்.

"என்ன சார், கப்பல் ஏறித் தீவு தீவா சுத்திட்டு வந்தீங்களாமே! எந்தத் தீவு நல்லா இருந்துச்சு?"

விழித்தேன். எனக்கு எல்லாத் தீவும் ஒன்றாகத்தான் தெரிந்தது. தென்னை மரம், வெள்ளை மணல், ஒரு மரப்பாலம், அதன்மேல் நாலு பேர். அடுத்த தீவிலும் அதே தென்னை, அதே மணல்... அதே நாலு பேர்தானோ என்றுகூடச் சந்தேகம்! எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குப் பூகோளம் இவ்வளவுதான்.

உண்மையில் அது என் பயணமே அல்ல. காதர் பாயின் பயணம். எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ்காரர். மைன்ஸில் பம்ப் ஆப்பரேட்டர். அவருடைய தங்கை கல்யாணமாகி அந்தமானில் மாயாபந்தர் என்ற ஊருக்குப் போனவர். கணவர் காலமாகிவிட்டார். இப்போது மகளுக்கு நிக்காஹ், வெள்ளிக்கிழமை. பெண்ணிடம் சம்மதம் கேட்கத் தாய்மாமன்தான் வர வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

காதர் பாய்க்குத் தனியாகக் கடல் ஏறப் பயம். துணைக்கு யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? என்னை! மேகம் கறுத்தாலே கூரையை அண்ணாந்து பார்க்கிற ஆளை! நான் மென்று விழுங்குவதற்குள், "கடலைப் பாக்கணும்" என்று என் மனைவி மரகதம் பெட்டி கட்டிவிட்டாள்.

மார்கழி மாதமாயிற்றே என்று மப்ளர், ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய் எல்லாம் எடுத்துக்கொண்டேன். மதராஸில் பெரிய கப்பல். போர்ட் பிளேரில் இறங்கிச் சின்னக் கப்பல். அங்கே பார்த்தால் வியர்வை ஊற்றுகிறது! மார்கழியில் வியர்க்குமா? காய்ச்சல்தான் விடுகிறதோ என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாகப் பம்ப் ஓடினால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். நின்றால்? குளம்தான். ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் இரைச்சலில் நிம்மதியாகத் தூங்குவார்கள். நிசப்தமானால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

மறுநாள் காலை. ஏதோ ஒரு தீவுக்கு எதிரே, கரைக்குக் கொஞ்சம் தள்ளி, கப்பல் நின்றது. காலுக்கடியில் அதிர்ந்துகொண்டே வந்த சத்தமும் நின்றது.

டீ குடித்துக்கொண்டிருந்த காதர் பாய் தம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே... நின்னுபோச்சு."

"எது பாய்?"

"அடியில ஓடிக்கினு இருந்துச்சே, அது! தண்ணி ஏறுதுண்ணே. எறங்குங்க, எறங்குங்க!"

நம்பாமல் இருக்க முடியுமா? சொல்கிறவர் பம்ப் ஆப்பரேட்டர்! கீழே ஒரு படகு ஆட்களைக் கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நூலேணியில் இறங்கிக்கொண்டே மரகதத்தைக் கூப்பிட்டேன். அவள் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பொட்டியில கல்யாணப் பொடவை இருக்குதுங்க. நீங்க போயி, தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு கரையிலேர்ந்து பாத்துச் சொல்லுங்க."

கரையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. காதர் பாய் கப்பலைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார், கழுத்து மட்டம் காட்டினார். அவர்கள் என் குரங்குக் குல்லாயைக் காட்டிச் சிரித்தார்கள். கப்பலோ முழுகுகிற மாதிரியே தெரியவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை... முழுகுகிற கப்பல் எப்படி இருக்கும் என்று முன்னே பின்னே பார்த்திருந்தால்தானே?

கடைசியில் படகுக்காரரே வாயைத் திறந்தார். நாகப்பட்டினத்துக்காரராம்!

"நங்கூரம் போட்டுருக்குங்க. நிக்கிற கப்பல்ல எஞ்சின் எதுக்குங்க ஓடணும்? நீங்க எங்க போவணும்?"

"மாயாபந்தர்."

"அட ஆண்டவனே! அது இன்னும் மேலங்க. இந்தக் கப்பலை வுட்டுட்டீங்கன்னா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது."

அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது.

காதர் பாய் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "என் மருமவ ஒக்காந்துக்கினு இருப்பாளே... மாமன் வரலன்னா யாருண்ணே அவளைக் கேப்பாங்க?"

படகுக்காரர் நல்ல மனிதர். எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு துடுப்பு வலித்தார். நங்கூரச் சங்கிலி கடகடவென்று மேலே ஏறுகிறது. நாங்கள் நூலேணியில் ஏறுகிறோம். மேலே வந்து விழுந்ததும் மரகதம் கேட்டாள்:

"என்னங்க, ஷிப்டு முடிஞ்சுதா?"

வெள்ளிக்கிழமை பந்தலில் இருந்தோம். காதர் பாய் இரண்டு சாட்சிகளோடு பெண் இருந்த அறையின் திரை ஓரமாக நின்று சம்மதம் கேட்டார். வழக்கம் என்ன? பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

ஆனால் காதர் பாயின் காதுக்கு நிசப்தம் ஆகுமா? அவர் நகரவே இல்லை.

"சத்தத்தையே காணோமே... ஏம்மா, புடிக்கலியா? புடிக்கலைன்னா சொல்லிடு. மாமன் இருக்கேன், நான் பாத்துக்கறேன்."

சாட்சிகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, கல்யாணமே நின்றது என்று நினைத்தேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"சம்மதம் மாமா! எத்தினி தபா கேப்பீங்க!"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும்.

பயத்தில் கேட்டாரா, பாசத்தில் கேட்டாரா? எனக்கு இன்னும் குழப்பம்தான். திரும்பி வரும்போது கப்பலில் மரகதத்திடம் பெரிய மனிதன் மாதிரிச் சொன்னேன்: "எதுவா இருந்தா என்ன? பொண்ணை ரெண்டாந் தடவை கேக்கற மனுஷன் நம்ம பக்கம் யார் இருக்கா, சொல்லு."

கடலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "என்னை மொத தடவையே யாரும் கேக்கலீங்க."