தலைமன்னார் மட்டும் அறுந்த அழைப்பு

எங்கள் மீனவர் சங்கத்தின் மன்னார்த் தலைமைக் கந்தோரில் தொலைபேசிகளைப் பராமரித்தவன் நான். காலையில் கடல் நிலவரம் சொல்ல முகாமையாளர் எல்லாக் கிளைகளையும் ஒரே அழைப்பில் சேர்ப்பார். தலைமன்னார் மட்டும் அறுந்துவிடும்.

காரணம் எனக்குத் தெரியும். அங்கே இணைய இணைப்பு மெலிது. அதனால் அந்தக் கிளையின் குரலைச் சுருக்கி அனுப்பும்படி நானே அமைத்திருந்தேன். எல்லாக் குரலும் ஒரே வடிவில் வந்தால் எங்கள் மென்பொருளே கலந்துவிடும். வடிவம் வேறுபட்டால் முடியாது. மாற்றிக் கலக்கத் தனி வன்பொருள் அட்டை வேண்டும்.

முகாமையாளரிடம் அந்த அட்டையைக் கேட்டேன்.

"நேற்றும் தலைமன்னாரோட கதைச்சனான். நல்லாத்தானே கேட்டது?" என்றார்.

"ரெண்டு பேர் கதைச்சாக் கேட்கும், சேர். மூண்டாமாளைச் சேர்த்தாத்தான் அறும்."

"பிறகு பாப்பம்."

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் காலை பலத்த காற்று வரும் என்ற எச்சரிக்கை வந்தது. முகாமையாளர் கிளைகளைச் சேர்த்தார். இலுப்பைக்கடவைக் கிளையில் படகுகளை நிறுத்தினார்கள். தலைமன்னார் கிளையில் இருந்த எழுதுவினைஞர் பெண்ணுக்குக் ஒவ்வொருமுறையும் கேட்டது வெறும் 'பீப்' சத்தம். அவர் திருப்பி அழைத்தார். இங்கே மற்றக் கிளைகளோடு பேசிக்கொண்டிருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. தலைமன்னார்ப் படகுகள் கடலுக்குப் போய்விட்டன.

மத்தியானத்துக்குள் எல்லோரும் கரை சேர்ந்தார்கள். ஒரு படகு கவிழ்ந்து, அதிலிருந்தவரின் தோள் எலும்பு முறிந்திருந்தது.

அடுத்த நாள் கூட்டத்தில் முகாமையாளர் சொன்னார்: "அந்தத் தலைமன்னார்ப் பிள்ளை போனை எடுக்கேல்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியாச்சு."

அழைப்புப் பதிவை அச்சடித்து வந்து அவர் மேசையில் போட்டேன்.

"எடுத்தவ, சேர். ஒவ்வொருமுறையும் எடுத்தவ. அறுத்தது எங்கட மெசின். அட்டை கேட்டனான், நீங்கள் வாங்கேல்லை."

"சத்தம் போடாதையும்," என்றார். அவ்வளவுதான்.

அட்டை அந்த மாதமே வந்தது. ஆள் விழும்வரை வாங்க முடியாதது, விழுந்த பிறகு எப்படி வாங்க முடிந்தது? மெசினில் பூட்டியதும் தலைமன்னார் மற்றவர்களோடு தெளிவாகப் பேசியது. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதுவினைஞரின் கோப்பிலிருந்து எடுக்க மறுத்துவிட்டார்கள். தலைமன்னாருக்குப் போய் நடந்ததை அவரிடம் நேரில் சொன்னேன்.

"உங்களுக்கு முதலே தெரியுமெண்டா, எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். "நான் தனியா எடுத்துக் கேட்டிருப்பனே."

முகாமையாளர் மீது இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் மீது இருப்பது அதைவிடப் பெரிது.