வாய் கொப்பளிக்க ஒரு தீர்த்தம்

உள்ளங்கையில் குளிர்ந்து விழுந்த தீர்த்தத்தை உறிஞ்சியதும், துளசியும் ஏலமும் பச்சைக் கற்பூரமும் கலந்த அந்தக் காற்று மூக்கு வழியாக ஏறி நெற்றிக்குள் போய் நின்றது. புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் கோயிலில் பின்னால் நின்ற கூட்டம் முதுகைத் தள்ளிக்கொண்டிருக்க, நான் நகராமல் வாயை மூடி மூடித் திறந்து என் மூச்சை நானே முகர்ந்து பார்த்தேன். மணத்தது! இதையே ஒரு பாட்டில் நிறைய வைத்துக் கொப்பளித்தால் என்ன என்று அந்த இடத்தில்தான் தோன்றியது.

தோன்றியதற்குக் காரணம் கல்பனா. ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சில் பக்கத்து இடம் அவளுடையது. அவள் அப்பா 'சொல்தா', அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஆறாம் வகுப்பிலிருந்து பென்சில் சீவலைக்கூடப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அந்த வருடம் காலாண்டுப் பரீட்சை சமயத்தில், நான் பேச ஆரம்பித்தாலே அவள் முகம் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்புவதைக் கவனித்தேன். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டைத் தவிர ஒன்றும் கிடையாது. புறங்கையை நக்கி, காயவிட்டு, முகர்ந்து பார்த்தேன், புரிந்துவிட்டது. லீவு முடிந்ததும் மிஸ் எல்லாரையும் இடம் மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார். யார் யாரோடு உட்கார விருப்பம் என்று கேட்பாராம். கல்பனா வேறு பெயரைச் சொல்லிவிட்டால்? அந்த லீவு முழுக்க எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கோயிலிலிருந்து சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவை நச்சரித்துத் தீர்த்தத்தில் என்னென்ன சேரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். துளசி வாசலில் இருந்தது. கிராம்பும் ஏலக்காயும் அஞ்சறைப் பெட்டியில் இருந்தன. பச்சைக் கற்பூரத்துக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும், அதற்கு அப்பா சைக்கிளோடு திரும்ப வேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? சாமி மாடத்தில் ஆரத்திக்கு ஏற்றும் சூடம் இருந்தது. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. அதுவும் மணக்கிறது, இதுவும் மணக்கிறது. துளசியும் கிராம்பும் ஏலமும் கொதித்த தண்ணீரில் அதைப் பொடித்துப் போட்டுவிட்டேன்.

ஒரு வாய்தான் ஊற்றினேன். நாக்கு தீப்பிடித்த மாதிரி எரிந்து, பிறகு மரத்து, கன்னம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள்.

"அடியே, அது ஏத்துற சூடம்டி! துப்பு, துப்புடி! உள்ள போச்சா?"

போகவில்லை என்று தலையாட்டினேன். வாயைக் கழுவ வைத்து, சாயங்காலம் வரை என்னைக் கண்ணெதிரிலேயே உட்காரவைத்தாள். மில் வேலை போனபின் ஹார்டுவேர் கடைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, விஷயம் கேட்டுச் சிரித்தார். "அடுத்த சனிக்கெழம அய்யருக்கு வேலையே இல்ல. இவ வந்து வாயத் தொறந்து நின்னா ஆரத்தி ஆயிடும்."

மறுநாளே அடுத்த 'மருந்து' தயார். சூடம் இல்லை, கிராம்பு, துளசி, கல்லுப்பு, அவ்வளவுதான். கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றினேன். பள்ளி திறந்த அன்று காலை கொப்பளித்துவிட்டு, வழியில் யாரைப் பார்த்தாலும் வேண்டுமென்றே நிறுத்திப் பேசினேன். கல்பனாவும் முதல் இரண்டு பீரியட் என் முகத்தைப் பார்த்தே பேசினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் மறுபடியும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "உண்மைய சொல்லுடி. என் வாய் நாறுதா? அதுக்காக ஏத்துற சூடத்தக்கூட வாயில போட்டுப் பாத்துட்டேன்."

அவள் ஸ்கேலைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "காலையில இல்லடி. மதியத்துக்கு மேலதான்." பிறகு என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். "இத ஏன் தெனம் செமந்துனு வர்ற? நெறைஞ்சே வருது, நெறைஞ்சே போவுது. காஞ்ச வாய் நாறாம என்னா பண்ணும்?"

"குடிச்சா போவணும்ல!"

இதை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் பள்ளிக் கழிப்பறையின் தகரக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருமுறை உள்ளே இருந்தபோது யாரோ கதவைத் தள்ளிவிட, வெளியே நின்ற கும்பல் சிரித்தது. அன்றிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"இதுக்கா சூடத்தத் தின்ன? லூசு. வா, நான் புடிச்சிக்கிறேன்."

கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, அவள் அங்கேயே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிவதற்காக, பிரெஞ்சு வகுப்பில் படித்த எண்களைச் சத்தமாகச் சொன்னாள். "அன்! தே! த்ருவா!" குரல் நின்றால் உள்ளேயிருந்து நான் கத்துவேன், சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அந்த வாரமே மிஸ் இடம் மாற்ற வந்தபோது, அவர் கேட்டு முடிப்பதற்குள் கல்பனாவின் கை மேலே போயிருந்தது. "மிஸ், நாங்க ரெண்டு பேரும் இங்கியே இருந்துக்கறோம்."

அந்தத் தகரக் கதவு இப்போது இல்லை. அந்தப் பக்கமே புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. தாழ்ப்பாள் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். வாய்க்கு முதல் மருந்து தண்ணீர்தான் என்று தெரிந்த பிறகும், அந்தப் புரட்டாசி சனிக்கிழமை பிடித்த கிறுக்கு மட்டும் என்னை விடவில்லை. கொய்யா இலை, புதினா, கருவேலம்பட்டை என்று எதையாவது கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கிறேன். சமையலறையில் பாட்டில் வைக்க இடமில்லை. கல்பனா பிரான்சில் குடியேறிவிட்டாள். வீடியோ காலில் பாட்டிலைக் காட்டினால், "தொறக்காதடி, இங்க வரைக்கும் சூடம் நாறுது" என்கிறாள். வாசனை போன் வழியாகப் போகாது என்கிற தைரியம் அவளுக்கு.

அடுத்த மாதம் நேரில் வருகிறாள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பச்சைக் கற்பூரம், நல்லதுதானா என்று இரண்டு முறை கேட்டு வாங்கியது, பொட்டலம் பிரிக்காமலே மேடையில் கிடக்கிறது. நாளைக் காலை கொய்யா இலைத் தண்ணீரில் அதைக் கடுகளவு போட்டுப் பார்க்கப்போகிறேன். அவள் வந்ததும் எதிரில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராகப் பேசுவேன். திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும், ஏன் என்று கேட்க இந்தத் தடவை காலாண்டு லீவு முடியும்வரை காத்திருக்க மாட்டேன்.