செமிலிங் காற்றில் எத்தனை பூஞ்சை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குருணிலிருந்து கிளம்பினேன். செமிலிங் பக்கத்துத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு மைல். ஜப்பான்காரன் ஆட்சியில் டயர் ஏது? சைக்கிள் சக்கரத்தில் காற்றில்லாத கெட்டி ரப்பரைச் சுற்றியிருந்தேன். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. பின்னால் சாக்கில் சுற்றிய மைக்ராஸ்கோப் வேறு. பீடோங்கில் ஒரு மரவள்ளிப் பலகாரம் ஜப்பான் நோட்டில் இரண்டு வெள்ளி என்றார்கள். வயிற்றெரிச்சலோடு தின்றேன்.

குருண் அலுவலகத்தில் என் வேலை இதுதான். ரப்பர்த் தளிரைத் தின்னும் வெள்ளைப் பூஞ்சை, தூளாகக் காற்றில் பறக்கும். விளக்கெண்ணெய் தடவிய ஆறு கண்ணாடித் துண்டுகளைப் போன வாரமே தோட்டத்துக் கம்பங்களில் கட்டிவிட்டு வந்திருந்தேன். ஒட்டிய தூளில் பூஞ்சை எது, புழுதி எது என்று பிரித்து எண்ண வேண்டும். அந்தத் தோட்டத்தில் இருபது ஆண்களின் பெயர், போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கான பட்டியலில் ஏறியிருந்தது. பூஞ்சை இருந்தால் கந்தகம் தூவ அவர்களை நிறுத்திக்கொள்ளலாம் என்று குருணில் ஜப்பானிய அதிகாரி சொல்லியிருந்தார். கணக்கு அன்று மாலைக்குள் வேண்டுமாம்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறு கண்ணாடியும் பளபளவென்று மின்னின. பட்டியலில் இருந்த மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை பக்கத்தில் பெருமையாக நின்றாள்.

“ஒரே பிசுக்குங்க ஐயா. நீங்க வர்றீங்கன்னு நேத்து சாமி வெளக்கோட சேத்து, சாம்பல் போட்டு நல்லா தேச்சு வச்சேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடுப்புச் சாம்பல். ஒரு வாரக் காற்றை வாளித் தண்ணீரில் கழுவி ஊற்றியிருந்தாள். வாயில் வந்தபடி திட்டினேன். எதற்கான கண்ணாடி என்று புரிந்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

“அதுல என்னதாங்க இருக்கணும்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

தளிரில் பூத்திருந்த வெள்ளைத் தூளைக் காட்டினேன். நோய் பிடித்த தளிர்களை ஒடித்து வந்து, நான் புதிதாக எண்ணெய் தடவிய கண்ணாடிகள்மேல் உதறினாள். இது போதாது என்று நானும் சேர்ந்து உதறினேன். எண்ணியபோது கண்ணாடிக்கு முந்நூறுக்குக் குறையவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் குருண் அலுவலகத்தில் அதிகாரி கணக்கைப் படித்தார், கண்ணாடிகளையும் பார்த்தார். மொழிபெயர்ப்பவர் எனக்குத் தமிழில் சொன்னார். இவ்வளவு நோய் பிடித்த தோட்டத்தில் கந்தகம் தூவினாலும் வீண், மரத்தில் பால் வெட்டினாலும் வீண், மூடிவிடலாம், ஆண்கள் எல்லோரும் சயாமுக்குப் போகட்டும். இருபது பேர் அறுபத்திரண்டு பேர் ஆனார்கள். நானும் சேர்ந்து உதறிய முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வாரக் காற்றில் உண்மையில் எவ்வளவு பூஞ்சை இருந்ததோ, எனக்குத் தெரியாது.

தோட்டத்துக்குச் செய்தி சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. மறுநாள் அதே பன்னிரண்டு மைல். அஞ்சலை முழுவதையும் கேட்டுக்கொண்டாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.