இஸ்திரி மேசைக்கு மேலே ஒரு ஜாயின்ட்

மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளை ஸ்கேன் செய்யும் கம்ப்யூட்டருக்குக் காலையில் நெட்வொர்க் ஒழுங்காக வரும்; பத்து மணிக்கு மேல் விட்டு விட்டுப் போகும். நெட்வொர்க் வேலை பார்க்கும் நான் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். கேபிளின் இரு முனையிலும் பிளக்கை மாற்றினேன். நெட்வொர்க் சுவிட்சைக் கழற்றிப் பஞ்சைத் தட்டினேன். இந்த ஊரில் எதைத் திறந்தாலும் பஞ்சுதான், அலுத்துப்போய்விட்டது.

"அந்தம்மா உட்கார்ந்தாத்தானுங்க போகுது. கைராசி இல்லீங்க," என்றார் மேனேஜர்.

ஸ்கேன் செய்த பெண்ணுக்கு முழங்கால் வலி. நிற்க முடியாது என்று கேட்டு வாங்கிய நாற்காலி அது. மூன்றாம் நாள் காலை அவரைப் பனியனில் நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றி, வேறொருத்தியை உட்கார வைத்தார்கள். பிசிறு வெட்ட நாள் முழுக்க நிற்க வேண்டும்.

இஸ்திரி மேசைகளில் ஆவி கிளம்புவதும் பத்து மணிக்குத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஏணி போட்டு ஏறினேன். மேசைகளுக்கு நேர் மேலே கேபிளின் நடுவில் ஒரு ஜாயின்ட். ஆவியில் டேப் ஊறி, உள்ளே செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. டேப்பின் நுனி மடித்து ஒட்டியிருந்தது. அப்படி மடிப்பது என் பழக்கம். கேபிள் போட்ட நாளில் ஒரு ரோல் கேபிள் பத்தாமல் போக, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு துண்டை நானே முறுக்கிவிட்டு வந்தது. மாற்ற வரவேயில்லை.

பத்து மணிக்குள் எதிர்ச்சுவர் வழியாகப் புதுக் கேபிளை இழுத்தேன். சாயங்காலம் வரை ஒருமுறைகூட நெட்வொர்க் போகவில்லை.

"பாத்தீங்களா, ஆளை மாத்துனதும் சரியாப் போச்சு," என்றார் மேனேஜர்.

"இல்லீங்க. நான் போட்ட ஜாயின்ட்டுங்க. தப்பு என்னோடது." வெட்டியெடுத்த துண்டை நீட்டினேன். அவர் கையில்கூட வாங்கவில்லை.

"உங்களுக்கு இளகுன மனசுங்க. அடுத்தவங்களுக்காக நீங்க எதுக்குப் பழி ஏத்துக்கறீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி சொல்லத் தெம்பில்லாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பிசிறு மேசையில் அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி, மேசையில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சரியாயிருச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க. உங்க கையில ஒண்ணுமில்லீங்க, தப்பு என்னோட ஒயர்ல."

"இருக்கட்டுங்கண்ணா. ஊட்லயும் எனக்கு ராசி இல்லைன்னுதான் சொல்றாங்க," என்று அடுத்த பனியனை எடுத்தார்.