தெர்மாகோல் போட்ட தரை

என் ஓர்ப்படிக்கு எது வாய்த்தாலும் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் புருஷன், அதாவது என் கொழுந்தன், கனடாவுக்குப் போன பிறகு அந்த எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஊரில் செல்போன் முதலில் அவள் கைக்குத்தான் வந்தது. பொறுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் அவள் வீடு கட்ட ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் வீடு இல்லை, மாமனார். மாமியார் போன பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். காலையில் வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு வருவார். என் கையால் சாப்பிட்டுவிட்டு, கூடத்துச் சிவப்பு சிமெண்ட் தரையில் வெறும் உடம்போடு படுப்பார். "மூத்த மருமக வீட்டுலதான் எனக்குத் தூக்கமே வருது" என்று ஊரெல்லாம் சொல்வார். அவளிடம் இல்லாதது, என்னிடம் இருந்தது, அந்த ஒரு பெருமைதான். புது வீடு வந்தால் அதுவும் போய்விடும் என்று பயந்தேன்.

கொழுந்தன் அங்கிருந்தே பிளான் அனுப்பினான். அஸ்திவாரச் சுவரின் வெளிப்பக்கத்திலும் தரைக் கான்கிரீட்டுக்கு அடியிலும் கெட்டியான தெர்மாகோல் பலகை வைக்க வேண்டும். மண்ணுக்கும் வீட்டுக்கும் ஒட்டுறவே கூடாதாம். அப்படிக் கட்டினால் உள்ளே இருக்கிற குளிரோ சூடோ வெளியே போகாது, கரண்டு மிச்சம் என்று போனில் விளக்கினான். பலகை லாரியில் வந்து இறங்கியபோது மாமனார் தட்டிப் பார்த்து, "நாகூர்லேருந்து மீன் வர்ற பெட்டி மாதிரில்ல இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவர் அந்த மனையே கதி என்று நின்றார். சாப்பிடக்கூட நான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே பலகை நமக்கும் வேண்டும் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன்.

"நல்லா இருக்கற தரைய எதுக்குடி உடைக்கணும்?"

"உங்கப்பா அங்க போயி படுத்துக்கிட்டா நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களா?"

மறுநாளே மனிதர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுடைய கிரகப்பிரவேசத்துக்கு முன்பே எங்கள் சிவப்புத் தரையைப் பெயர்த்து, பலகை பரப்பி, கான்கிரீட் போட்டு, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டினோம். அவள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் என் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

சித்திரை வந்தது. மாமனார் துண்டை உதறிப் போட்டுப் படுத்தார். புரண்டார். எழுந்து ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார். மறுபடியும் புரண்டார். நான் டைல்ஸில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. கீழே கிடந்த களிமண்ணின் குளிர்ச்சியை நாங்களே பலகை போட்டு அடைத்திருந்தோம். ஓர்ப்படி வீட்டில் ஏசி இருந்தது. கதவைச் சாத்தினால் அந்தக் குளிர் அப்படியே நிற்கும். "கரண்டு பில்லப் பாத்தா பயமே இல்லக்கா" என்று சிரித்தாள். ஏசிக்கு நான் எங்கே போவேன்?

ஒருநாள் மத்தியானம் மாமனாரைக் காணோம். ஏசி ரூமில்தான் போய்ப் படுத்திருப்பார் என்று கொதித்துக்கொண்டு போனேன். அங்கே இல்லை. வெளியே கார் ஷெட்டில், மண்மேல் நேராகப் போட்ட வெறும் சிமெண்ட் தரையில் படுத்திருந்தார். ஷெட்டுக்கு மட்டும் கொழுந்தன் பலகை போடச் சொல்லவில்லை.

"ஏன் மாமா இங்க வந்து படுத்திருக்கீங்க? நம்ம வீட்டுக்கு வாங்க."

"ஏசி முட்டிக்கு ஆகலம்மா. இங்க சில்லுன்னு இருக்கு." தரையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பழைய தரை இருந்திருந்தா நான் ஏம்மா இங்க வரேன்?"

சொல்லிக்கொண்டே அவர் கண் அயர்ந்துவிட்டார். ஓர்ப்படி உள்ளேயிருந்து தலையணையோடு வந்தாள். அவள் கையிலிருந்து அதை வெடுக்கென்று வாங்கினேன். அதையாவது நான் செய்ததாக இருக்கட்டும் என்று, அவர் தலையை மெல்லத் தூக்கி அடியில் வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே, பாதித் தூக்கத்தில், "சின்னவளா? நல்லாரும்மா" என்றார்.