அரை அரிசி அளவு

கழிப்பறை வாசற்படியைப் பாலுசாமி ஒரு கட்டைவிரல் உயரத்துக்கு இழைத்துக் குறைத்தது ஒருத்தருக்கும் தெரியாது. துடியலூரில் அந்த லைன் வீடுகளுக்கெல்லாம் பொதுவாக இருந்தது ஒரே கழிப்பறை. பக்கத்து வீட்டு ரசாக் பாய்க்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்ட பிறகு, அந்தப் படியில் கால் தட்டித் தட்டி நிற்பார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பாலுசாமி தன் பழைய ஹேண்ட் கிரைண்டரை எடுத்துச் சிமெண்டை இழைத்தார். தூசியைக் கூட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் பாய் தட்டாமல் தாண்டினார்.

"காலு தேவலையாயிருச்சு பாலு."

"அப்படித்தானுங்க பாய் தெரியுது" என்றார் பாலுசாமி.

முப்பது வருடம் ஃபவுண்டரியில் வார்ப்புகளின் பிசிறைத் தேய்த்தவர் அவர். மனைவி பழனாத்தாள் இறந்து ஒன்பது வருடமாகிறது. பிள்ளையில்லை. பாய்க்கும் துணை போய்விட்டது. ஒரே மகள் சமீரா சத்தியமங்கலத்தில் குடியிருந்தாள். காலையில் பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் திருநீறு பூசி வந்தால், பிறகு பாலுசாமி பேசுவதெல்லாம் பாயோடுதான். பாய் பேசாத நாளில் அவர் குரலே அவருக்குக் கேட்காது.

பாயிடம் ஒரு சவரக் கத்தி இருந்தது. நிக்காஹின்போது மாமனார் கொடுத்தது, மடக்கி வைக்கிற ஜாதி. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால், தாடியை விட்டுக் கன்னத்தையும் கழுத்தையும் அதில்தான் மழித்துக்கொள்வார். ஒரு வெள்ளிக்கிழமை, பக்கவாதம் வந்த கை அதைப் பிடித்து நிறுத்தவில்லை. கத்தி சிமெண்டுத் தரையில் விழுந்து, அதன் கூரில் அரை அரிசி அளவு உடைந்து ஒரு பல் விழுந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமீரா வந்தாள். "அத்தா, இனி தனியா இருக்க வேண்டாம். எங்கூட வந்திருங்க" என்றாள்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, "பாலு கத்தியைச் சரி பண்ணித் தாரேன்னு எடுத்துட்டுப் போயிருக்கான். அது வரட்டும், வாரேன்" என்றார்.

கத்தி சரியானால் பாய் போய்விடுவார். கத்தியோ பாலுசாமியின் மடியில் இருந்தது.

சவரக் கத்தியை அவர் அதுவரை தீட்டியதே இல்லை. சமையல் கத்தியைத் தீட்டுவதுபோல முதுகைத் தூக்கிப் பிடித்து, ஃபவுண்டரிப் பழக்கத்தில் சாணைக்கல்லில் அழுத்தித் தேய்த்தார். கத்தி பளபளத்தது. முன்கையில் வைத்து இழுத்தால் ஒரு முடிகூட அறுபடவில்லை. பல் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சரி பண்ண வாங்கி வந்த கத்தியைக் கெடுத்துபோட்டோமே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகின் இரண்டு பக்கமும், செருப்புக் குதி தேய்ந்ததுபோலப் பட்டையாகத் தேய்ந்திருந்தது. அட, முதுகும் கல்லில் பட்டுத்தான் இத்தனை காலம் தீட்டியிருக்கிறார்கள். கத்தியைத் தூக்கக் கூடாது, கல்லில் படுக்கவைக்க வேண்டும். அழுத்தவும் கூடாது, அதன் பாரமே போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் பல் 'கிரிக்' என்றது. ஒரு சுவர் தள்ளிக் கட்டிலில் படுத்திருந்த பாய்க்கு அது கேட்கும்.

பதினோரு நாளில் கிரிக் நின்றது. பழைய பெல்ட்டில் இழுத்து முன்கையில் வைத்தார். முடி தானாக உதிர்ந்தது. சந்தோஷப்பட வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

"ஆச்சா பாலு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாய் கேட்டார்.

"இன்னும் பல்லு இருக்குதுங்க பாய்."

அன்றிலிருந்து சவரக் கத்தி சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. பாலுசாமி சமையல் கத்தியை எடுத்துக் கல்லில் காலையும் மாலையும் தேய்த்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு சமீரா வந்தபோது அவளுக்கு ஆறு மாதக் கர்ப்பம். மூன்று பஸ் மாறி வந்து, வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கி, வார் பதிந்த தடம் அப்படியே நின்றது.

"மாமா, இன்னும் எத்தனை நாளாகுமுங்க?"

"அடுத்த வாரம் ஆயிருமுங்க அம்மணி."

சாயங்காலம் கோவிலில் திருநீற்றை எடுத்தவருக்கு அதை நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கால்தான் தெரிந்தது. திருநீற்றைத் தாளில் மடித்துக்கொண்டு நேராகப் பாய் வீட்டுக்கு வந்தார்.

"பாய், நான் ஒரு தப்புப் பண்ணிபோட்டேனுங்க."

"வெங்காயம் அரியற கத்தியைப் போட்டு இந்தப் பாடு படுத்துறயே, அதுதானே?" என்றார் பாய். "அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

பாலுசாமி திருநீற்றுத் தாளைச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"கிரிக்கு நின்னு ஆறு நாளாச்சு. எனக்குக் காலுதாம்ப்பா போச்சு, காது இருக்குது."

"அப்பறம் ஏனுங்க கேக்கலை?"

பாய் இடது கையால் போர்வையை நீவிக்கொண்டார். "கேட்டா நீ குடுத்துருவியே."

இருவரும் கொஞ்சநேரம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "புள்ளை கால் வீங்கியிருக்குதுங்க பாய்" என்றார் பாலுசாமி. "பாத்தேன்" என்றார் பாய்.

வெள்ளிக்கிழமை காலை, பாலுசாமியே பாயின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவினார். கத்தியைக் கழுத்தில் படுக்கவைத்தார். முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இழுத்தார். காதோரம் ஒரு சிறு கீறல் விழுந்தது. மற்றபடி கழுத்து மழமழவென்று வந்தது. பாய் தடவிப் பார்த்துவிட்டு, "அழுத்தாம பண்ணுறே. ஃபவுண்டரிக்காரன்னு யாரும் சொல்ல மாட்டான்" என்றார்.

தொழுகை முடிந்ததும், பாயை அழைத்துப்போகச் சமீரா காரில் வந்தாள். பாலுசாமி கத்தியைத் துணியில் சுற்றி, சாணைக்கல்லோடு சமீராவிடம் கொடுத்து, தூக்காமல் தேய்க்க வேண்டுமென்று இரண்டு தரம் சொன்னார். முன் சீட்டில் உட்கார்ந்த பாய் காலைத் தானே தூக்கி உள்ளே வைத்தார்.

"என்னைப் பத்திக் கவலைப்படாதே பாலு. காலுதான் இப்ப தேவலையே."

பாலுசாமி கார்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாகக் குனிந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ள வாய்க்கவில்லை.

"அங்க கக்கூஸ் படி ஒசரமா இருந்தாப் போன் பண்ணுங்க பாய்" என்றார். "கிரைண்டரை எடுத்துட்டு வாரேன்."