தறப்பாள் வாகனத்துக்குக் கறுப்பு ஏற்றிய கதை

எங்கள் வீட்டு வாகனம் ஒரு பழைய டபிள் கப். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு மூன்று பேர், அதற்கும் பின்னாலுள்ள திறந்த பெட்டியில் நெல் மூட்டை. போர் முடிந்த கையோடு கூடாரத்துக்குத் தறப்பாளும் கூரைக்குத் தகரமும் ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் வெள்ளை வெள்ளையாக வந்து இறங்கிய நிவாரண வாகனங்களில் அதுவும் ஒன்று. எங்கள் துன்பம் தீர்ந்துவிட்டதென்று அதைக் கொண்டுவந்த தொண்டு நிறுவனம் ஒருநாள் தீர்மானித்துப் புறப்பட்டபோது வாகனத்தை ஏலத்தில் விட்டது. நான் எடுத்தேன். கதவில் ஒட்டியிருந்த சின்னத்தை உரித்தேன். ஆனால் அது மறைத்திருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லையாதலால், மங்கிய கதவின் நடுவே அதே வட்டம் பளிச்சென்று நின்றுவிட்டது. நிறுவனம் போய்விட்டது, அதன் ஆவி போகவில்லை. சந்தையடியில் நிறுத்தினால் இப்போதும் யாராவது கிட்ட வந்து, "தம்பி, கூரைத் தகரம் எப்ப குடுக்கப் போறியள்?" என்று கேட்பதுண்டு.

பிறக்கும்போது அதற்குக் கறுத்த பம்பர், கறுத்த கண்ணாடிக் கூடு, சில்லுகளுக்கு மேலே புருவம்போல வளைந்த கறுத்த பட்டிகள் எல்லாம் இருந்தன. பிளாஸ்ரிக் சாமான்கள். வன்னி வெயில் அவற்றின் கறுப்பை உறிஞ்சிக் குடித்துவிட்டு, அடுப்புச் சாம்பலின் நிறத்தை விட்டுவைத்தது. எனக்கு அது உறுத்தியதே இல்லை. என் வயதில் யாருக்கும் அடுத்தவன் வெளிறுவது உறுத்தாது.

என் மனைவி ஆசிரியை. நெடுங்காலம் பிரதி அதிபராக இருந்து, அதிபர்மார் கூட்டத்துக்குப் போன நாளெல்லாம் பாடசாலையை நடத்தியவர். கடைசியில் அவருக்கே அதிபர் நியமனம் வந்தது, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பாடசாலைக்கு. முதல் நாள் வரவேற்பாம். பாண்ட் வாத்தியம், நிறைகுடம், மாலை எல்லாம் ஆயத்தமாம்.

"அண்டைக்கு நான் கொண்டுபோய் இறக்கிவிடுறன்" என்றேன்.

அவர் தோசை திருப்புவதை நிறுத்தவில்லை. "உதிலையோ? நான் பஸ்ஸில போறன்."

"ஏனப்பா, உதுக்கு என்ன குறை?"

"உதில போய் இறங்கினால் அதிபர் வாறா எண்டு ஒருத்தரும் நினைக்கமாட்டினம். தறப்பாள் வருகுது எண்டு நினைப்பினம். வரிசையில நிண்டாலும் நிப்பினம்."

"எஞ்சினைப் பாரும். இண்டைக்கும் ஒரு சத்தமில்லை."

"எஞ்சினை ஆர் திறந்து பாக்கப் போகினம்? பம்பரைப் பாருங்கோ. செத்த வீட்டுக்குப் போட்டு வந்து குளிக்காமல் நிக்கிற மாதிரி நிக்குது."

அந்தக் குசினி வாசலில் நின்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். முதல் நாள் என் மனைவி என் வாகனத்தில்தான் போய் இறங்குவார். இதிகாசங்களில் சபதம் எடுத்தவர்களுக்கு வில்லும் கதாயுதமும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது தேங்காயெண்ணெய்ப் போத்தல்.

தேங்காயெண்ணெய் யோசனை தொலைபேசியில் பார்த்த ஒரு வீடியோவில் வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஏதோ எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவ, பம்பர் கறுத்தது. நானும் தடவினேன். உண்மையாகவே கறுத்தது. பெருமையோடு எங்கள் வாய்க்கால் றோட்டில் ஒரு ஓட்டம் விட்டேன். அது தார் காணாத கிரவல் றோட்டு. திரும்பி வந்தபோது பம்பரிலும் பட்டிகளிலும் செம்புழுதி விரல் தடிப்பில் ஒட்டியிருந்தது. கோயில் வீதியில் அங்கப்பிரதட்டை செய்து எழும்பிய அடியவர்போல வாகனம் நின்றது. எதிர்வீட்டு நாய் வந்து பம்பரை நக்கியது. அன்றைக்கு வாகனத்தில் பிடிப்புக் காட்டிய ஒரே உயிர் அதுதான்.

அடுத்தது சூடு. பிளாஸ்ரிக்கை மெல்லச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் கறுப்பு மேலே வருமென்று இன்னொரு வெளிநாட்டுக்காரர் சொன்னார். அவர் கையில் வெப்பக் காற்று ஊதும் கருவி இருந்தது. என் கையில் குளிர்சாதனப்பெட்டி திருத்துகிறவரிடம் இரவல் வாங்கிய, நெருப்பே ஊதும் கருவி இருந்தது. இரண்டும் ஊதுகின்றனதானே என்று நினைத்தேன். சுவாலை பட்ட இடமெல்லாம் சாம்பல் ஓடிப்போய்க் கறுப்பு வந்தது. அந்த அழகில் லயித்து ஒரு கணம் நின்றேன். கையும் நின்றுவிட்டது. இடது பின்சில்லின் பட்டி உருகி, அழ ஆயத்தமாகும் குழந்தையின் உதடுபோலத் தொங்கியது.

எதிர்வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கொள்ளி வைக்கிறதெண்டால் மூத்த மகன் வரவேணும். நீ ஏன் வைக்கிறாய்?"

"கறுப்பாக்கிறன் அண்ணை."

"அதுதான் சொல்லுறன். எல்லாத்தையும் எரிச்சால் எல்லாம் கறுக்கும்."

மறுநாள் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். வாகன உதிரிப்பாகக் கடையில் இதற்கென்றே ஒரு போத்தல் இருந்தது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. ஓமந்தை தாண்டித் திரும்பி வரும்போது போத்தலின் பின்பக்கத்தை வாசித்தேன். கையில் அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் முன்னுரை முதல் வாசிக்கிறவன் நான். செய்முறைக் குறிப்பை மட்டும் எல்லாம் கெட்ட பிறகுதான் வாசிப்பேன்.

கழுவு, எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது, காயவிடு, பிறகு பூசு. கோப்பை கழுவும் சவர்க்காரத்தையும் பழைய பல்துலக்கியையும் எடுத்துக்கொண்டு குந்தினேன். பிளாஸ்ரிக்கில் தோல்போலச் சொரசொரப்பு உண்டு. ஒவ்வொரு பள்ளத்திலும் என் தேங்காயெண்ணெய் குடியிருந்தது. தேய்த்துக் கழுவி நிழலில் காயவிட்டேன். வண்ணத்தில் படாமல் ஓரமெல்லாம் கடதாசி ரேப் ஒட்டி, சிறு பஞ்சால் மெல்லிசாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்து, காய்ந்தபின் மறுபடியும் தடவினேன். எல்லாம் கறுத்தது. பளபளப்பில்லாத, ஆழமான கறுப்பு. குளத்தால் எழும்பி வந்த எருமைபோல வாகனம் நின்றது. தொங்கிய உதடுகூடக் கறுப்பில் அவ்வளவாகத் தெரியவில்லை.

வரவேற்புக்கு முதல் நாள் மாலை மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கறுப்பு நல்லாய்த்தான் வந்திருக்கு."

"அப்ப?"

"அதுதான் பிழை. முந்தி முழுக்கக் கிழடு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை. இப்ப மீசைக்கு மட்டும் மை அடிச்ச ஆள் மாதிரி நிக்குது. சனம் மீசையைப் பாக்கக் கிட்ட வரும். வந்தால் கதவில வட்டம் தெரியும்." சொல்லிவிட்டு, தேவைக்குச் சற்று அதிகமாக என் மீசையைப் பார்த்தார். "நான் பஸ்ஸில போறன். நீங்கள் ஆசிரியர்மாருக்குத் தேத்தண்ணியோட குடுக்க எடுப்பிச்ச றோல்ஸ் பெட்டியைக் கொண்டுவாங்கோ. வரவேற்பு முடிஞ்ச பிறகு. பின் கேற்றால."

அவர் விடியவே போய்விட்டார். வரவேற்பு முடியும்வரை வீட்டில் இருக்க எனக்குப் பொறுமை இல்லை. பஸ்ஸை முந்திப்போய்த் தரிப்பிடத்தில் நின்றால், இறங்கும்போது மறித்து, கடைசித் துண்டுத் தூரத்துக்காவது ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். விசுவமடுவில் பஸ்ஸை முந்தினேன். யன்னலோரம் தெரிந்த தலையைப் பார்த்து ஹோர்ன் அடித்தேன். தலை மறுபக்கம் திரும்பியது.

பஸ் தரிப்பிடம் பாடசாலைக்கு நேர் எதிரே இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒதுக்குவதற்காக வேகத்தைக் குறைத்தேன். யாரோ "வந்திட்டினம்!" என்று கத்த, கேற் அகலத் திறந்தது, பாண்ட் முழங்கியது. நான் பின்னுக்கு எடுத்திருக்கலாம். அந்த வாகனத்தில் ஒரு முறைப்பாடும் இல்லாமல் வேலை செய்வது றிவேர்ஸ் கியர் ஒன்றுதான். ஆனால் நான் முன்னுக்கு எடுத்தேன்.

பிரதி அதிபர் ஓடிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஆசனத்தில் றோல்ஸ் பெட்டி வீற்றிருந்தது. அவர் திகைத்து நிற்க, வெள்ளைச் சேர்ட் போட்ட பெற்றோர் சங்கத் தலைவர் மாலையோடு என் பக்கம் வந்தார்.

"வாங்கோ சேர், வாங்கோ!"

"அதிபர் நானில்லை. அவா பஸ்ஸில வாறா."

"தெரியும் சேர். மேடத்தின்ரை அவர்தானே? அவா ஆறுதலாய் வரட்டும். வாகனத்தில வந்த ஆளை நாங்கள் வாசலில நிப்பாட்டி வைக்கலாமோ?"

"மாலை அவாக்கெல்லோ..."

மிச்சத்தை மேளம் விழுங்கியது. என் வாய் மறுத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து குனிந்து சம்மதித்துவிட்டது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் வைத்தார்கள். இரு புறமும் பிள்ளைகள் வரிசையாகக் கைகூப்பி நிற்க, நான் நடுவே நடந்தேன். பாதி முற்றம் கடந்தபோதுதான் கவனித்தேன், வலமும் இடமுமாகத் தலையசைத்துக்கொண்டு போகிறேன். வாக்குக் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துத் திரிந்த அதே தலை.

அந்த நேரம் பஸ்ஸால் இறங்கிய என் மனைவியைக் கேற்றடியில் காவலாளி மறித்திருக்கிறார். "அம்மா, இப்ப உள்ளுக்குப் போகேலாது. அதிபர் வந்திட்டார், வரவேற்பு நடக்குது. பிள்ளையின்ரை விசயமெண்டால் நாளைக்கு வாங்கோ."

"பிள்ளையளின்ரை விசயம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே வந்தார்.

பாண்ட் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. பெரிய மேளம் கடைசியாக. அவரை நியமன நாளில் வலயக் கல்வி அலுவலகத்தில் கண்டிருந்த பிரதி அதிபர், "மேடம்!" என்று ஓடினார். தலைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவர் சாரதி" என்றார் என் மனைவி. "றோல்ஸ் கொண்டுவந்தவர். பின் கேற்றால வரச்சொல்லி இருந்தனான்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். தலைவர் பதறிப்போய் என் கழுத்து மாலையைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. ஒருத்தர் போட்ட மாலையை மற்றவர் போடுறது கலியாண வீட்டில. அதை நாங்கள் எப்பவோ போட்டு முடிச்சிட்டம். வாங்கோ, பிள்ளையள் வெயிலில நிக்கினம்."

மாலையில்லாமலே உள்ளே போனார். கழற்றிய மாலை என் கைக்கு வந்தது; அதோடு போய் வாகனத்திலிருந்த பெட்டியை இறக்கினேன். ஒரு கையில் மாலையும் மறுகையில் றோல்ஸ் பெட்டியுமாக ஒரு மனிதன் எப்படி நின்றாலும் கம்பீரமாக நிற்க முடியாது. பெட்டியைக் கொடுத்துவிட்டு வாகனத்தைப் பின் கேற்றடிக்குக் கொண்டுபோனேன். தேநீர் வேளையில் ஒரு மாணவி தட்டோடு வந்தாள். "சாரதிக்குக் குடுக்கச் சொல்லி மேடம் தந்தவா." ஒரு பிளேன்ரீ, ஒரு றோல்ஸ். இரண்டும் ஆறிப்போயிருந்தன.

இவ்வளவு நாளும் அவருக்காகத்தான் பம்பர் தேய்த்தேன் என்று அங்கே நின்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நம்பத்தான் ஆளில்லை.

பாடசாலை விட்டதும், பஸ்ஸுக்குப் போய்விடுவார் என்று பயந்துகொண்டு வாகனத்தை முன் கேற்றடிக்குக் கொண்டுவந்தேன். ஆசிரியர்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க அவர் நேராக என்னிடம் வந்தார். முன் கதவைத் திறந்து பிடித்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய்ப் பின் கதவைத் திறந்து, பின் ஆசனத்தில் ஏறி இருந்தார்.

"முன்னுக்கு வாருமன்."

"அதிபர்மார் சாரதிக்குப் பக்கத்தில இருக்கிறேல்லை. றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

ஓடினேன். விசுவமடுவில் கண்ணாடியைப் பார்த்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆசனத்தில் காலை நீட்டி, யன்னலைத் திறந்து வைத்திருந்தார். பஸ்ஸில் இந்த வசதி கிடையாது.

"நாளைக்கு ஆறரைக்கு வெளிக்கிட வேணும்" என்றார் பின்னாலிருந்து. "பிந்தக்கூடாது."

"ஓம் மேடம்" என்றேன்.